ஓட்டுப் போட்ட விரல்

நியூ ஜெர்சியில் நான் இருந்த அபார்ட்மெண்டில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு. ஆண்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள். நான் மட்டும் ஐந்தாம் வகுப்பு. ஹோட்டலில் தோசை வார்ப்பவன். ஆனால் அக்கா ஸ்பான்சர் செய்து எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டதால், சிட்டிசன் ஆகியிருந்ததும் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடங்களை நடத்தும் ஸ்கூல் போர்டுக்குத் தேர்தல் வரும்வரை அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பள்ளிக்கூடம் பக்கம்தான், ஆனால் நடுவில் ஆறு லேன் ரோடு. அதனால் பிள்ளைகளுக்கு பஸ் விட்டிருந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு பஸ் எதற்கு என்று ஒரு வேட்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்தான் அதிகம் பயந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். மகள் முதல் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கூட்டம். நான் வடை போடப் போயிருந்தேன். இரண்டு வேட்பாளர்களின் நோட்டீஸையும் விரித்துவைத்து மார்க் போட்டார்கள். பஸ் வேண்டாம் என்பவர் கணக்கு டீச்சராக இருந்தவர், அவரை எப்படி விடுவது என்று ஒருவர் தவித்தார். அந்த நேரம் பார்த்து, பஸ் வேண்டும் என்ற வெள்ளைக்கார அம்மாளே ஓட்டுக் கேட்டுக் கதவைத் தட்டினார். ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, இங்கே ஓட்டு உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் சமையலறைப் பக்கம் திரும்பின. நான் ஜல்லிக்கரண்டியோடு ஃபிரிட்ஜ் ஓரமாக ஒதுங்கினேன்.

அவர் போனதும் கேட்டேன். "புள்ளையும் இல்ல, படிப்பும் இல்ல. நான் போடலாமா?"

"பதினெட்டு வயசு, சிட்டிசன், இந்த ஊர்ல வீடு, லிஸ்ட்ல பேரு. அவ்ளோதாண்ணா. டிகிரி கேக்க மாட்டாங்க" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"கேட்டா என்னோடத எடுத்துட்டுப் போங்க. இங்க சும்மாதான் கெடக்கு" என்றார் அவள் கணவர்.

அக்கா எப்போதோ என் பெயரை லிஸ்டில் சேர்த்திருந்தாள். ஆனால் புது இடம் என்றால் வாசல்வரை போய்த் திரும்புவது என் வழக்கம். அது எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். "திரும்பி மட்டும் வந்துடாதீங்கண்ணா."

தேர்தல் அன்று மாலை பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனேன். மேஜையில் இருந்த வயதான பெண்மணி கையெழுத்துக் கேட்டார். நான் தமிழில்தான் போடுவேன். பழைய கையெழுத்தோடு ஒப்பிட, புத்தகத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

நான் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். அவர் விரலைப் பார்த்தார். நம் ஊர் மாதிரி மை வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்; எங்கே என்று கேட்கக் கூச்சம். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். தோசைக்கல் சுட்ட தழும்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஐயோ பாவம் என்ற முகத்தோடு கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டார்.

மெஷின் இருந்த தடுப்புக்குள் போய்த் திரையை மூடியதும்தான் மூச்சு வந்தது. யாருமே பார்க்க முடியாத இடம். பஸ் அம்மாளின் பெயருக்கு நேரே இருந்த குமிழை அழுத்தினேன்.

எதிர்வீட்டுப் பெண் படியிலேயே காத்திருந்தாள். "வெரலக் காட்டுங்க."

காட்டினேன்.

"மை இல்லன்னு பிளாஸ்திரி போட்டு மறைச்சிருக்கீங்களா? உள்ள போகவே இல்லையா நீங்க?"

"போட்டேம்மா" என்றேன். நடந்ததைச் சொல்ல வெட்கம். அவள் நம்பவில்லை. அந்த அம்மாள் ஜெயித்த பிறகும் பாதிதான் நம்பினாள்.

செப்டம்பரில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. மகளை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது சொல்லுங்கண்ணா, அன்னிக்கு அந்த வெரலுக்கு என்னதான் ஆச்சு?"

சொன்னேன். பஸ் பெரிய ரோட்டைத் தாண்டும்வரை அவள் சிரிப்பு நிற்கவில்லை.