போர்வை அக்காவின் மூன்றாவது முடிச்சு

காருக்கு இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்தவளை வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் போகும் விண்கலத்துக்குப் போர்வை தைக்கக் கூப்பிட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? கட்டிய கணவனே நம்பவில்லை. பேருந்து ஓட்டுகிற அவன், "வால் நட்சத்திரத்துக்குக் குளிருதாமா?" என்று ஒரு வாரம் ஓட்டித் தீர்த்தான். வேலையிடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் போர்வை அக்காவானாள்.

வெயிலும் குளிரும் தாக்காமல் கலத்தைப் பொதிந்து காப்பது அந்தப் போர்வை. தொட்டால் கிழியும் தகடு, இருபது அடுக்கு. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பும் இரட்டைக் கையுறையும் மாட்டிக்கொண்டு நான்கு மாதம் தைத்தாள். கேமரா மூடியைச் சுற்றிய ஓரத்துக்கு வரைபடம் சொன்னது இரண்டு முடிச்சு. யார் உட்கார்ந்து எழுந்தாலும் பிரியக் கூடாதென்று மூன்று போட்டே பழகிய கை, தன்பாட்டுக்கு மூன்றாவதையும் போட்டுவிட்டது. சோதித்தவர்கள் கண்ணில்கூடப் படவில்லை.

கலம் ராக்கெட்டுக்குள் ஏறிய பிறகு, மிச்ச நூலை அளந்து ஒப்படைக்கும்போதுதான் ஒரு விரற்கடை குறைந்தது. கை தன்பாட்டுக்குப் போட்ட மூன்றாவது முடிச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேரே தலைமைப் பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், மூடி ஓரத்துல ஒரு முடிச்சு அதிகமாப் போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. அதே ஓரத்தை அதே மூன்று முடிச்சோடு இன்னொன்று தைக்கச் சொல்லி, உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்துப் பத்து முறை மூடியைத் திறக்க வைத்தார். ஒன்பது முறை திறந்தது. பத்தாவது முறை முடிச்சில் தட்டி நின்றுவிட்டது. கலத்தை இனி இறக்க முடியாது, கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டார்.

கலம் பயணம் போன ஏழு வருடமும் அந்தப் பத்தாவது முறை அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இன்று பகல் பதினொன்றுக்கு மூடி திறக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் கடைசி வரிசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்று தாண்டியதும் பேருந்து நிலையத்திலிருந்து கணவன் போனில் கூப்பிட்டான்.

"திறந்துச்சா?"

"திறந்திருக்கும். இல்ல, மாட்டியிருக்கும். சேதி வர இன்னும் இருபது நிமிஷம் ஆகுங்க."

"அப்ப நடந்து முடிஞ்சதுக்கா இப்ப நடுங்கிட்டு இருக்க?"

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாம் தீர்ந்துவிட்டது. சேதிதான் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் மோட்டார் சுழன்றதென்று தகவல் வந்தது. மூடி நகர்ந்ததா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. கறுப்பு. மறுபடியும் கறுப்பு. அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வானமும் கறுப்புதான் அக்கா. பொறுங்க," என்றான் முன் வரிசைப் பொறியாளன்.

ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. நட்சத்திரம். மூடிய கண்ணுக்கு நட்சத்திரம் தெரியாது. அறை மொத்தமும் எழுந்து நின்றது.

அதற்குக் கீழே வால் நட்சத்திரம் வந்தது. கரியைவிடக் கறுத்த ஒரு மலை, எதன்மேலும் நிற்காமல் மிதந்தது. வெயில் பட்ட பக்கத்திலிருந்து தூசி விசிறி விசிறியாகப் பீறிட்டது. நடுவில் ஒரு பாறை; நம் கட்டடம் அளவிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சூரியன் உண்டானபோது மிஞ்சியது, இதுவரை எந்தக் கண்ணும் படாதது.

"என்னம்மா, என்ன தெரியுது?" என்று காதில் கணவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்," என்றவள், அழைப்பைத் துண்டிக்காமலே போனை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையை நோக்கி நடந்தாள்.