அராலிக் கிணற்றுத் தண்ணீரில் கீறிய படம்

என் மனுசன் பஞ்சலிங்கத்துக்கு ஒரு விசர் இருந்தது. எந்த ஊரைப் படம் கீறினாலும் அந்த ஊர்த் தண்ணீரில்தான் தூரிகையை நனைப்பார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் யந்திரங்களின் படம் கீறுவது அவருடைய உத்தியோகம். அங்கே கோடு மயிரிழை கூட விலகக்கூடாது. அந்த எரிச்சலைத் தீர்க்கத்தான் இந்த நீர்வர்ணக் கொப்பி என்று நான் நினைத்துக்கொள்வேன். நயினாதீவுக்குப் படகேறினாலும் சரி, வீட்டில் வாழை குலை தள்ளினாலும் சரி, கொப்பி மடியில் விரிந்துவிடும். பக்கத்தின் அடியில் ஊர், திகதி, தண்ணீர் எங்கே அள்ளியது என்று எழுதிவைப்பார். நல்ல தண்ணீரில் நீலம் வழுக்கிக்கொண்டு பரவுமாம், உவர்த் தண்ணீரில் திரிதிரியாக நிற்குமாம். இதையெல்லாம் ஒரு மனுசன் கவனிப்பானா?

இந்த விசர் எனக்குத் தெரியவந்தது கல்யாணத்துக்குப் பிறகு. முதலே தெரிந்திருந்தால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் செத்திருப்பேன்.

எங்கடை வீடு அராலியில், கடலேரிக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் உவர். எங்கடை பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் சீதனக் காணியின் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், பிறகுதான் பெண்ணைப் பார்ப்பார்கள். அதனால் அப்பா இராசநாயகம் தரகரிடம் கூசாமல் சொல்லிவிட்டார், நல்ல தண்ணீர்க் கிணறு என்று. எண்பத்து நான்காம் ஆண்டு வைகாசியில் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள், விடியப்புறமே பிள்ளையார் கோயில் கிணற்றிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் அள்ளிவந்தவள் நான்தான். ஒரு குடம் தேத்தண்ணிக்கு. மற்றதை அப்பா வாளியில் ஊற்றி வாசல் படலையடியில் வைத்தார். கால் கழுவுகிற சாட்டில் ஒருவரும் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிடக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் இளையதம்பி, எதிலும் குறை பிடிக்கிற மனுசன். அவர் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, "ஊத்து நல்ல ஊத்துத்தான், இராசநாயகம்," என்றார். அப்பா சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. குசினி அடுப்படிக்கு ஓடிவந்து யன்னலால் பார்த்தால், மாப்பிள்ளை கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார். மடியில் கொப்பி. பக்கத்தில் எங்கடை கிணற்றுத் தண்ணீர் அள்ளிய சிரட்டை.

போச்சு என்று நினைத்தேன். வாயில் வைத்தாரா இல்லையா என்று முதுகை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருதரம் யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு திரும்பவும் குனிந்துகொண்டார். பத்து நாளில் சம்மதம் என்று செய்தி வந்தது. அவருக்குத் தெரியவில்லை, தப்பிவிட்டோம் என்று அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

கல்யாணம் முடிந்து அவர் எங்கடை வீட்டோடு வந்துவிட்டார். மறுநாள் காலை கிணற்றடியில் படம் கீற இருந்தவர், தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, நுனியைக் கூராக்க உதட்டுக்குள் விட்டு இழுத்தார். இது இன்றைக்கு வந்த பழக்கமா, அன்றைக்கும் இருந்ததா?

அவர் முகம் மாறவில்லை. "பத்மா, நல்ல தண்ணி எங்கை அள்ளுறது?" என்று மட்டும் கேட்டார்.

"பிள்ளையார் கோயிலடியிலை."

"ஓம்," என்றார். அன்றைக்கே சைக்கிளில் தண்ணீர் கொண்டுவர இரண்டு கான் கட்டினார்.

பதினொரு வருசம், ஒவ்வொரு காலையும் அந்தக் கான்கள் சைக்கிளில் ஆடிக்கொண்டு வரும். அதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அப்பாவில் கோபம், என்னில் கோபம். ஆனால் வாய் அவரைத்தான் ஏசும். "பாத்து வையுங்கோவன், நிலமெல்லாம் ஈரம்." ஏமாந்து கட்டினாரா, தெரிந்து கட்டினாரா? கேட்டால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஏமாந்தேன் என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அன்றைக்குக் கீறிய கொப்பியைப் பார்த்தால் விளங்கும். அதுவோ தெல்லிப்பழையில் அவருடைய தமக்கை வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது.

தொண்ணூறில் சண்டை வந்து தெல்லிப்பழைச் சனம் ஊரைவிட்டு எழும்பியபோது மச்சாள் அந்தப் பெட்டியோடு மீசாலைக்குப் போனார். இவருக்குத் தொழிற்சாலையும் இல்லை, வேலையும் இல்லை. வர்ணப் பெட்டிக்கு யாழ்ப்பாணக் கடையெல்லாம் அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து வானம் கீறினார். "பிழையில்லை, பாரும்," என்று காட்டினார். பார்த்தேன், நல்ல வானம்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம், இரண்டாம் நாள் மீசாலையில் மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்தேன். கொப்பி மேலேயே இருந்தது.

எங்கடை கிணறு, துலா, பூவரசு. வானத்து நீலம் திரிதிரியாக நின்றது. ஓரத்தில் குசினி யன்னல், அதற்குள் அரை முகம். அடியில் அவருடைய எழுத்து:

"20.5.84, அராலி. கிணறு உவர். தேத்தண்ணி வேறை கிணறு. யன்னலில் நிக்கிற பிள்ளை நல்லாய்ப் பயந்துபோனா. இளையதம்பி மாமாவுக்குச் சொல்ல மாட்டன்."

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் கொப்பியை நீட்டினேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. பதினொரு வருசம் நான் வெந்து செத்தன்."

"கான் கட்டின அண்டைக்கே உமக்கு விளங்கியிருக்கும் எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

நான் அழுதேன், அழுதுகொண்டே ஏசினேன். அவர் புதுக் கொப்பியை எடுத்து மடியில் விரித்தார். நான் போய்க் கிணற்றடிச் சனத்தோடு வரிசையில் நின்று ஒரு பேணி தண்ணீர் அள்ளினேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது நல்ல தண்ணி," என்றேன். "குடிச்சுப் பாத்துத்தான் சொல்லுறன்."