நடுத்தெருவில் ஒன்பது மூட்டை

சர்க்கரைக்கு எதிரி ஈரம். ஆரணியில் எனக்கு அதைவிடப் பெரிய எதிரி என் தெரு.

தெருவின் நடுவில் என் கிடங்கு. தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பதினைந்து அடுக்குக்கு மேல் போகாமல் மூட்டை அடுக்குவேன். அந்த ஒழுங்கெல்லாம் உள்ளேதான். வெளியே, விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறிக்கான நீள இழைகளை, இழுத்துக் கட்டிவிடுவார்கள். சுருட்டி எடுக்கும்வரை சைக்கிள்கூட நுழையாது.

போன ஐப்பசியில் ஒரு காலை, இருநூறு சணல் மூட்டைச் சர்க்கரையோடு லாரி தெருமுனையில் வந்து நின்றது. கிழக்கே கறுத்திருந்தது. பாவுக்காரரிடம் போய், “ஜல்தியா சுருட்டுங்க, மழை வருது” என்றேன்.

“மழை உனக்கு மட்டுமா வருது பெருசு? இழை பிணைச்சிகினு இருக்கோம், அரை மணி ஆவும்” என்றார்.

“விக்கிறது சர்க்கரை, வாயில ஒரு துளி இல்ல” என்றாள் அவர் மனைவி. தெருவே சிரித்தது.

வேறு வழியில்லை. பாவின் ஓரமாகவே தலைச்சுமையாகக் கொண்டுவரச் சொன்னேன். சுமைக்காரர்கள் மேஸ்திரியோடு சேர்த்து ஒன்பது பேர். எல்லோரும் இதே தெரு. பாதிப் பேர் பாவுக்காரரின் பங்காளிகள். முப்பத்தாறு மூட்டை உள்ளே போயிற்று. ஐந்தாவது நடையில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது பேரும் தலையிலிருந்ததை நின்ற இடத்திலேயே இறக்கிவிட்டுப் பாவைத் தூக்க ஓடினார்கள்.

“டேய், மூட்டைடா! கிடங்கு தோ இருக்குது!” என்று கத்தினேன்.

“இரு பெருசு, சும்மா பேஜார் பண்ணிகினு!” என்றான் மேஸ்திரி, திரும்பாமலே.

வீட்டுக்கு வீடு ஃபிளெக்ஸ் பேனரோடு ஓடிவந்து பாவின்மேல் பிடித்தார்கள். ஒரு பேனர்கூட என் பக்கம் வரவில்லை. ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தேன். ஐம்பது கிலோ, அசையவில்லை. டிரைவர் தார்ப்பாயை இறுக்கிவிட்டு, “வெயிட்டிங் சார்ஜ் ஓடுதுங்க” என்றார்.

பாவு பிழைத்தது. ஒன்பது மூட்டைகளின் அடியிலிருந்தும் பாகு சாக்கடைக்கு ஓடியது.

மறுநாள் மேஸ்திரி கூலிக்கு வந்தான். “பாவு நனைஞ்சிருந்தா ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மாச வேலை போச்சுங்க. உங்களுக்கு இன்னா, ஒம்பது மூட்டை.”

என் மூட்டையைத் தெருவில் போட்டுவிட்டு எனக்கே கணக்குச் சொல்கிறான். ஒன்பது பேரையும் அன்றே நிறுத்தினேன்.

இப்போது செய்யாறிலிருந்து ஆள் வருகிறார்கள். கூலி அதிகம். வெயிலில் சுமக்கும் அவர்களுக்கு இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் தருவதில்லை. நானே கிடங்கு வாசலில் இரண்டு குடம் நிரப்பி வைக்கிறேன். நேற்று ஒன்றைக் காணோம்.