குதிகாலில் ஒரு விரல்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பீடோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் இந்திராணி இறந்த செய்தி கைப்பேசிக்கு வந்தது. அன்று மாலையே அவருடைய மகள் இணையத்தில் நினைவுப் பக்கம் ஒன்று திறந்தார். "அன்பே உருவானவர்" என்று அதில் முதலில் எழுதியவர் என் முன்னாள் தலைமையாசிரியர். டாக்டரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் எரிந்து விழுபவர். ஆனால் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதமாட்டார்.

நான் அவரிடம் போவதற்கு முன், வேறொரு கிளினிக்கில் என் குதிகால் வலியைக் கவுட் என்னும் மூட்டுவாதம் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வகுப்பில் நிற்க முடியவில்லை. "வெளையாட்டுப் போட்டி வந்தா மட்டும் சாருக்குக் கால் நொண்டும்" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் சிரித்தார் அதே தலைமையாசிரியர். நடிப்பவன் என்ற பெயர் நிலைத்துவிடும்போல் இருந்தது.

"நரம்பு இழுக்குது டாக்டர்" என்றேன் இந்திராணியிடம்.

"நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே நரம்புதான். ஒரு வெரலால தொட்டுக் காட்டுங்க சார்."

குதிகாலின் பின்பக்கம் தொட்டேன். அதே இடத்தை அவர் அழுத்தியதும் கத்திவிட்டேன். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளை முள் ஒன்று தெரிந்தது.

"கவுட் இல்ல. தசைநாண் எலும்பப் புடிக்கிற எடத்துல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

வலி போக ஸ்டீராய்டு ஊசி கேட்டேன்.

"அங்க அந்த ஊசி போட்டா தசைநாண் அறுந்தாலும் அறுந்துடும். அப்புறம் என்னைத் திட்டுவீங்களா, ஊசியத் திட்டுவீங்களா?"

"ரெண்டு பேரையும்."

அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு என் அனுமதியோடு பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சார், இவரு நடிக்கல. நம்பலன்னா வந்து படத்தப் பாருங்க." தலைமையாசிரியர் வரவில்லை. கேலிப் பேச்சு மட்டும் நின்றது.

சுண்ணாம்பு என்றதும் நானாகவே பாலையும் நெத்திலியையும் நிறுத்தியிருந்தேன். "நெத்திலி என்ன பாவம் பண்ணுச்சு? சாப்பிடுங்க லா" என்று அதட்டினார். காலணிக்குள் குதிகால் உயர ஒரு திண்டு, தரையில் நுனிக்காலில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, பிறகு சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் அதிர்வலை சிகிச்சை. மறுபடி எடுத்த படத்தில் அந்த முள் அப்படியே இருந்தது. பதறினேன். "படம் மாறலன்னா போகட்டும் சார். நடை மாறிடுச்சில்ல?"

மாறிவிட்டது. இன்று யான் ஊர் வயல் வரப்பில்கூட நடக்கிறேன். எனக்குள் இன்னும் கரையாத முட்கள் பல உண்டு. அவற்றோடும் நடக்கலாம் என்பதுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

இதை அந்த நினைவுப் பக்கத்தில் இடப்போகிறேன். என் பெயர் போட்டால் தலைமையாசிரியரோடு பழைய பகை என்பார்கள். பேச்சு அதிலேயே நின்று, டாக்டர் பின்னால் போய்விடுவார். பெயர் போடவில்லை. நான் யாரென்று தெரிய வேண்டிய ஒருவருக்கு, ஒரு விரலால் தொட்டது போலத் தெரியும்.