தாய்க்கோழி வேலை பார்க்கும் பல்பு

குஞ்சுகளைத் தொடுவதற்கு முன்னால் ஜொஹரா பீவி உமியைத் தொட்டுப் பார்க்கிறார். பல்புக்கு நேர் கீழே புறங்கையை வைக்கிறார். பிறகு தகரத் தடுப்பின் ஓரத்துக்கு நகர்த்துகிறார். இரண்டு இடத்திலும் திருப்தி வந்த பிறகுதான் தண்ணீர்த் தட்டைக் கழுவ எழுந்திருக்கிறார்.

அன்னவாசலில், வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் நடக்கிறது அவருடைய தொழில். பொரித்து ஒரு நாளே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, இறக்கை முளைக்கும்வரை வளர்த்து விற்கிறார். தாய்க்கோழி கிடையாது. அதன் இடத்தில் கயிற்றில் தொங்குகிறது ஒரு குண்டு பல்பு. குஞ்சுகள் அதன் அடியில் அப்பிக்கொண்டால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். "தட்டுல சோத்தைப் பரப்புன மாதிரி கெடந்தா சரி" என்கிறார். குஞ்சுகளை அதட்டும்போதும் மரியாதை குறையாது. "என்னங்க, மத்தவங்களுக்கும் எடம் விடுங்க!"

வீட்டுக்குள் எல்லாம் எல்.இ.டி. மாற்றியவர் கணவர் பக்கீர் முகமது. சார்ஜாவில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வீணாக எது எரிந்தாலும் பொறுக்காதவர். அதில் ஜொஹரா பீவிக்கும் சந்தோஷம்தான். "கரண்டு பில்லு பாதியாப் போச்சு. வோல்டேஜ் கொறைஞ்சாலும் வெளிச்சம் கொறையலை. அடுப்படியில தலைக்கு மேல அனல் இல்லை."

போன பனிக்காலத்தில் மகள் ரூமானாவைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போன ஜொஹரா பீவி, அன்று அங்கேயே தங்கிவிட்டார். சாயங்காலம் சாய்ப்பிலிருந்த குண்டு பல்பு ஃபியூஸ் போய்விட்டது. பக்கீர் முகமது கையிலிருந்த எல்.இ.டி.யை மாட்டினார். முன்பைவிடப் பளிச்சென்று எரிந்ததும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஜொஹரா பீவி நேரே சாய்ப்புக்குப் போனார். "பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். குஞ்சுக எல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கெடக்கு. அடியில கெடந்ததுக அசையலை."

கணவரைக் கூப்பிட்டார். "ரூமானா அத்தா, வெளிச்சம் நமக்குங்க. இதுகளுக்கு வேணுங்கிறது சூடு."

பாட்டில்களில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய துண்டுகளில் சுற்றி, மிச்சக் குஞ்சுகளுக்கு நடுவே படுக்க வைத்தார். ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தார். பக்கீர் முகமது இறந்தவற்றைக் கொல்லையில் புதைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கடை கடையாக ஒரே பதில்: "குண்டு பல்பா? அதை இப்ப யாரு வாங்குறாங்க பாய்?" கடைசியில் திருக்கோகர்ணத்தில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. இருந்ததையெல்லாம் வாங்கி, பஸ் குலுக்கலில் உடையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பல்பு எரிந்து கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி, உமியில் பரவத் தொடங்கின.

பிழைத்தவை நன்றாகவே வளர்ந்து விலைபோயின. இப்போது வந்திருப்பது புதுக் கூட்டம். "இது கரண்டைக் குடிக்கும், அடிக்கடி ஃபியூஸும் போகும். ஆனா தாய்க்கோழி வேலை பாக்குதுல்ல?" என்று சிரிக்கிறார் ஜொஹரா பீவி.

நான் போயிருந்த அன்று பக்கீர் முகமது தீவன மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, அப்படியே வெளியே போகத் திரும்பினார். அந்தப் பனிக்காலத்துக்குப் பிறகு அவர் குஞ்சுகளைத் தொடுவதே இல்லையாம்.

"எங்க போறீங்க? இங்கிட்டு வாங்க" என்றார் ஜொஹரா பீவி. கூட்டத்தில் சோர்ந்து நின்ற ஒரு குஞ்சை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை அதன்மேல் மெதுவாக மூடிவிட்டார்.