கோழிகள் தேறிய வாரம்

கிருமிகளைப் பற்றி எழுத நான் யார் என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. பத்தாவதோடு நின்றவள். பார்த்ததையும் பிற்பாடு கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெம்மேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பை ஒட்டி, சித்தப்பா நாட்டுக்கோழி வளர்த்தார். நான் நான்காவது படித்த வருஷம் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. திருப்போரூர் டாக்டர் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்து, முழுசாகத் தீரும்வரை போடச் சொன்னார். பாதி தீர்வதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. அக்கா எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டாள். எங்கள் வீட்டில் காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள்.

அதே வாரம் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. சித்தப்பா சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, மாத்திரை மிச்சம் கீதாமே?"

"இன்னாத்துக்கு? உனக்கு ஜொரமா?"

"கோழிங்களுக்கு. பொண்ணுதான் எழுந்து குந்திகினு கீதே. அப்பால வீணாத்தான போவுது."

"எட்த்துனு போ, கோழி டாக்டரு," என்று அம்மா சிரித்தாள்.

கேப்ஸ்யூல்களைப் பிரித்து, பொடியை நொய்க்கஞ்சியில் கலந்து வைத்தார். சில கோழிகள் செத்தன. மற்றவை தேறிக் குப்பையைக் கிளறத் தொடங்கின. அவை கிளறத் தொடங்கிய அன்று சாயங்காலம் அக்காவுக்குக் குளிர் எடுத்து மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தக் காய்ச்சல் அவளைப் பேசவே விடவில்லை. அப்பாவும் அம்மாவும் அவளைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். அங்கே உட்கார்ந்து நானாகவே யோசித்தேன். ஒரே மருந்து இரண்டு பேருக்கும் கேட்கிறதென்றால் இரண்டும் ஒரே வியாதி. கோழிகளை விட்டுக் கிளம்பியது அக்காவிடம் வந்துவிட்டது. அக்காவோடு ஒரே பாயில் படுத்தவள் நான், அடுத்தது நான்தான். முதலில் கழுத்துத்தான் தொங்கும் என்று பார்த்திருந்தேன். அதனால் கழுத்தை விறைப்பாக நிமிர்த்தியே வைத்திருந்தேன். சாப்பிடும்போதுகூடக் குனியவில்லை.

"இன்னாடி, போட்டோக்கு குந்துன மாரி கீற?" என்றாள் சித்தி.

நான் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால், நோய்க் கோழியைக் கவிழ்ப்பதுபோல என்னையும் தனியாகக் கூடையில் கவிழ்த்துவிடுவார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அக்காவின் கண்கள் பாதி மூடியிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. எனக்கு அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் வந்து அம்மாவிடம் கேட்டார். "மாத்திரைய பாதியில யாரு நிறுத்தினது?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"மிச்சத்த கோழிக்கு குட்த்துட்டேன் சார்," என்றார் சித்தப்பா.

டாக்டர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "கோழி எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா கீதுங்க சார்." சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே சித்தப்பா சுருங்கிப்போனார்.

"பழைய மருந்து இனிமே கேக்காது போலிருக்கு. நாளைக்கு வேற ஊசி போட்டுப் பாக்கலாம்."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முந்தானையை இழுத்து, "கோழிகிட்டருந்துதாம்மா வந்துச்சு" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

அக்கா மகன் இப்போது கால்நடை மருத்துவம் படிக்கிறான். அவன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கோழிக்கு வந்ததும் அக்காவுக்கு வந்ததும் ஒரே வம்சத்துக் கிருமிகளாக இருக்கலாமாம். எந்தக் காலத்திலோ பாகம் பிரிந்து, ஒன்று கோழியின் உடம்புக்கும் மற்றது மனித உடம்புக்கும் குடிபோயின. போன இடத்துக்கே பழகிப் பழகி, அடுத்த வீட்டில் பிழைக்கும் வழியை இழந்துவிட்டன. எல்லா வீட்டிலும் நுழைகிற பங்காளிகளும் உண்டாம், ஆனால் டைபாய்டு அந்த வகை இல்லை. கோழிக் கூண்டிலிருந்து எதுவும் அக்காவிடம் வரவில்லை. பாதி மருந்துக்குத் தாக்குப்பிடித்தவை அவளுக்குள்ளேயே இருந்தன. மிச்ச மாத்திரை கொல்ல வேண்டியது அவற்றைத்தான். அவை அவளுக்குள் பெருகிய நாட்களில் நான் கூண்டையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் ஊசியை மாற்றினார்கள். சித்தப்பா தூக்குவாளியில் அவித்த முட்டை கொண்டுவந்தார். அம்மா வாங்கவில்லை.