வாரத்துக்கு அரை வீசை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கெங்கவல்லிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டேன். வீட்டில் நானும் என் தொந்தியும்தான். அந்தத் தொந்தியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போதுதான் நீரிழிவு என்று தெரிந்தது. சேலத்து டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைத்தால் பாதி வியாதி அடங்கும் என்றார். ஆனால் வாரத்துக்கு அரை வீசைக்கு மேல், இந்தக் காலக் கணக்கில் முக்கால் கிலோவுக்கு மேல், குறையக் கூடாது, பட்டினி கிடந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று எச்சரித்தார். எங்கள் ஊரில் ஆளை நிறுக்கிற இயந்திரம் ஏது? சந்தைக்குப் போகிற நாளில் கடலைக்காய் மண்டித் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அங்கே எடை போடுகிறவர் என் வயசுக்காரர், அதிகம் பேசாதவர். சிரிக்காமல் கல் வைத்து நிறுத்துச் சொல்வார்.

நாலைந்து மாதத்தில் நன்றாக இளைத்தேன். ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. எனக்கு எலும்புருக்கி, ஒட்டிக்கொள்ளும் காசநோய், என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நீரிழிவு என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எனக்குப் பந்தியின் கடைக்கோடியில் இலை போட்டார்கள். பக்கத்து இலை கடைசி வரை காலியாகவே கிடந்தது. அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு நான் யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரும் என் வீட்டுக்கு வரவும் இல்லை. ஒருத்தனுக்காக அடுப்புப் பற்றவைக்க அலுப்பாக இருந்தது. வீம்பும் சேர்ந்துகொண்டது. சீக்கிரம் இளைத்து முடித்தால் வியாதியும் போகும், ஊர் வாயும் மூடும் என்று மடத்தனமாக ஒரு நினைப்பு. ஒரு வாரம் முழுக்க மோரும் தண்ணீரும்தான்.

அந்தச் சந்தை நாளில் தராசில் ஏறும்போதே தலை கிறுகிறுத்தது. அவர் கல்லை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரே வாரத்துல ரெண்டு வீசை எறங்கியிருக்குதுங்களே. அரை வீசைக்கு மேல ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சாப்பிடறீங்களா, இல்லீங்களா?"

"தனியா உக்காந்து திங்கப் புடிக்கலீங்க. எனக்கு எலும்புருக்கின்னு ஊர்ல பேசறாங்க. நீங்களும் தள்ளியே இருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மூட்டை மேல் உட்காரவைத்தார். தம்முடைய தூக்குப்போசியைத் திறந்து, சோளச்சோறும் கீரையும் பாதி எடுத்து மூடியில் வைத்துக் கொடுத்தார். தோள் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார். பிறகு மண்டி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று அங்கே என்னைத் திட்டினார்கள்.

அதன் பிறகு வாரா வாரம் எடை போட்டதும், "சோறுண்ணலாம் வாங்க" என்பார். அதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஒரு வேளைக்காகவே நான் மற்ற நாட்களிலும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன அளவுக்கு எடை வந்து நின்றதும் மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இளைப்பு நின்றதைக் கண்டு ஊராரும் பழையபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். வெகு நாள் கழித்துப் போனபோது தராசில் வேறு ஆள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குக் குடும்பம் உண்டா, வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் குறைந்துபோனதைக் கண்டு பதறிய ஒரே மனிதரிடம் அதைக் கேட்காமல் விட்டது, தனியாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் உறுத்துகிறது.